தொடை இடுக்கில் இரண்டு விரல்

பிறந்த பிள்ளையைத் தலை முதல் கால் வரை பரிசோதிப்பதில் எங்கள் மருத்துவிச்சி வகுப்பிலேயே நான்தான் கெட்டிக்காரி. அப்படிச் சொன்னது வேறு யாருமில்லை, நானேதான். எட்டு நிமிடத்தில் ஒரு பிள்ளையை முடித்துவிடுவேன். என்னோடு படிக்கும் றுஷ்தாவுக்கு இருபது நிமிடமும் காணாது.

அன்று காலை, கந்தளாயிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்திருந்த நிப்லாவின் மகளைப் பார்த்தேன். உச்சிக்குழி, கண், அண்ணம், இடுப்பு மூட்டு எல்லாம் சரி. கடைசியில் தொடை இடுக்கில் நாடி. இரண்டு விரலை வைத்து நன்றாக அழுத்தினேன். துடித்தது. நாடி துடிக்கிறது என்று நிப்லாவிடமும் சொல்லி, இரு பக்கமும் 'உண்டு' என்று எழுதினேன். அந்தத் தாளை நம்பி டொக்டரும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அடுத்த கட்டில் பிள்ளை றுஷ்தாவின் முறை. தொடை இடுக்கில் வைத்த விரலை அவள் எடுக்கவேயில்லை.

"என்ன, நித்திரையோ?" என்றேன்.

"பொறுங்க ஜெனிதா. அழுத்திப் புடிச்சா எங்கட விரல்தான் துடிக்கும். மெல்லத் தொட்டாத்தான் புள்ளட நாடி தெரியும். அது ஓடுற ஓட்டத்த எண்ணவும் ஏலாது."

சிரிக்கப் போன நான் நிறுத்திக்கொண்டேன். நிப்லாவின் மகளிடம் நான் உணர்ந்த துடிப்பு ஓடவில்லை, ஆறுதலாக நடந்தது. பிறந்த பிள்ளையின் நாடி அப்படி நடக்காது.

நிப்லாவின் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. படிகளில் இறங்கி ஓடினேன். வாசலில் அவள் கணவர் றிப்தி ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். பின்னால் நிப்லா, மடியில் பிள்ளை. உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

"ஒரு கையெழுத்து விடுபட்டுப்போச்சு அக்கா. பிள்ளையோட ஒருக்கா மேல வாங்கோ."

றிப்தி முணுமுணுத்தபடியே ஆட்டோவை நிறுத்தினார்.

இந்த முறை மெல்லத் தொட்டேன். இடப்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்கமும் இல்லை. றுஷ்தா நெடுநேரம் தொட்டுப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினாள். டொக்டரிடம் நானே போய்ச் சொல்லி நன்றாக ஏச்சு வாங்கிக்கட்டினேன். என்னை இனிப் பரீட்சைக்கு விடுவார்களா என்பது அவர் கையில்தான் இருந்தது. ஆனால் அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

ஸ்கான் செய்தார்கள். இதயத்திலிருந்து கீழே இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓரிடத்தில் ஒடுங்கியிருந்தது. இப்போதே கண்டதால் கொழும்புக்கு அனுப்பிச் சரிப்படுத்தலாம் என்றார் டொக்டர். வீட்டுக்குப் போயிருந்தால் இரண்டு மூன்று நாள்கூடத் தாங்கியிருக்காதாம்.

அம்புலன்ஸ் வரும்வரை நிப்லாவின் பக்கத்தில் நின்றேன்.

"காலைல பாக்கக்குள்ள துடிக்குதெண்டு சொன்னீங்களே மிஸ்?"

திரும்பவும் கையெழுத்துக் கதை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஓம் அக்கா. அது என்ர விரல் துடிச்சது. பிள்ளையின்ர எண்டு நினைச்சு எழுதிப்போட்டன். பிழை என்னிலதான்."

நிப்லா ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் பிள்ளையின் துணியை விலக்கினாள்.

"இன்னொருக்காப் பாருங்க. நாடி இல்லையெண்டதாவது சரியா?"

மெல்லத் தொட்டேன்.

"ஓம் அக்கா," என்றேன். "சரி."