இந்திராயணித் தொகுதியில் ஒரு மீசை

ஜெயசீலனிடம் மழை வருமா என்று கேட்டால்கூட, இந்திராயணித் தொகுதியில் போன தேர்தலன்று மழை பெய்ததா இல்லையா என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார். சொந்த ஊர் நாசரேத் பக்கம். மராட்டி மண்ணில், தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ரிட்டையர் ஆகி, அங்கேயே தங்கிவிட்டவர். மனசெல்லாம் அந்த ஊர் அடங்கிய இந்தப் பாராளுமன்றத் தொகுதியில்தான் கிடந்தது. கிடக்காமல் என்ன செய்யும்? அது அப்படிப்பட்ட தொகுதி. ஒரு தடவை ஜெயித்தவரை மறு தடவை ஜெயிக்க விட்டதே கிடையாது. ஒரு தேர்தலில், ஓட்டுப்போடும் நாளில் பெரிய முகூர்த்தம் வந்து தொலைத்தது. பாதி ஜனம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட, ஜெயிக்க வேண்டியவர் தோற்றார். இன்னொன்றில், வேட்பாளர் பெயரிலேயே இரண்டு சுயேச்சைகள் முளைத்து ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனார்கள். எந்தத் தடவையும் வித்தியாசம் ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டத்தைத் தாண்டாது. மறு எண்ணிக்கை கேட்காமல் தோற்றவர் அங்கே யாருமில்லை.

இத்தனையும் விரல் நுனியில் வைத்திருந்த மனிதருக்குச் சம்பந்தியாக வாய்த்தவர் பக்கத்து ஊரான நிக்டியில் இருந்த சேவியர். தங்கமான ஆள். ஒரே குறை, கேரம் போர்டு சின்னத்துக்காரர். கேரம் போர்டுதான் அப்போது பதவியில் இருந்தது. ஜெயசீலனோ தையல் மெஷின். ஜெயசீலனின் மகள் ப்ரீதியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, கேசரித் தட்டைக் கையில் வாங்கிய மாத்திரத்தில், பேச்சு தொகுதிக்குத் தாவிவிட்டது.

"இந்தத் தடவையும் கேரம் போர்டுதான்," என்றார் சேவியர்.

"இந்தத் தொகுதி உக்காந்தவன எழுப்பிவிட்டுரும்வே. தையல் மெஷின்தான். தோத்தா மீசைய எடுத்துருதேன்."

"சபையில சொல்லுதீரு, பாத்துக்கிடும். எம் ஆளு தோத்தா நானும் எடுத்துருதேன்."

மணமகனாக வந்திருந்த சேவியரின் மகன் சூர்யா தலையில் கை வைத்துக்கொண்டான். ஜெயசீலனின் மீசை சாமான்யப்பட்டதல்ல. டிப்போவில் எத்தனையோ ஆபீசர்கள் வந்து போனார்கள், அந்த மீசை அசையவில்லை. சேவியருடையதும் சளைத்ததல்ல, இரண்டு பக்கமும் முறுக்கி எலுமிச்சம்பழம் நிறுத்தலாம். "பொண்ணு போட்டோவுல அப்பன் மூஞ்சி உரிச்ச கோழியா நிக்கப் போவுது," என்று ஜெயசீலனின் மனைவி செல்வராணி அடுக்களையிலிருந்து சொன்னாள். யார் கேட்டார்கள்?

அடுத்த நாளே ஜெயசீலன் களத்தில் இறங்கினார். தேஹு ரோட்டில் தமிழ்க்குடும்பம் இருக்கும் நாற்பது வீட்டுக்கும் போனார். ஒவ்வொரு வீட்டிலும் டீ குடித்தார், தொகுதியின் சரித்திரத்தைச் சொன்னார், தையல் மெஷின் ஏன் ஜெயிக்கும் என்று விளக்கினார், அதற்கப்புறம் "நீங்க யாருக்கு?" என்று கேட்டார். வீடு தேடி வந்து மூச்சு விடாமல் பேசுகிற மனிதரின் முகத்தைப் பார்த்து, அதுவும் மீசை பணயத்தில் இருக்கும்போது, யார்தான் இல்லையென்று சொல்வார்கள்? "தையல் மெஷின்தாண்ணே," என்று எல்லா வீட்டுப் பெண்களும் சொல்லி, கூடவே இரண்டு முறுக்கும் கொடுத்தார்கள். ஜெயசீலனுக்குத் தலைகால் புரியவில்லை. வாளிச் சின்னத்தில் ராஜஸ்ரீ என்று ஒரு சுயேச்சையும் நின்றாள். அவளுக்கு டெபாசிட் போய்விடும் என்று முடிவு கட்டி, அதோடு மறந்துபோனார்.

ஓட்டு எண்ணும் நாளை அறிவித்தபோது எல்லோருக்கும் பகீரென்றது. நிச்சயதார்த்தமும் அதே நாள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, மாற்ற வழியில்லை. சேவியர் கொஞ்சமும் அசராமல், தனக்கு முடிவெட்டும் மராட்டிக்காரரைப் பெட்டியோடு கூட்டிவந்து மூன்றாம் வரிசையில் உட்கார வைத்தார்.

ஃபாதர் கண்ணை மூடி ஜெபம் ஆரம்பித்தார். சம்பந்திகள் இருவரும் குனிந்து தொடையிடுக்கில் போனைப் பார்த்தார்கள். கேரம் போர்டு முன்னிலை. சேவியர் மீசையைத் தடவினார். அடுத்த சுற்றில் தையல் மெஷின் முன்னிலை. "ஆமென்!" என்று ஜெயசீலன் அலறியதில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. என்ன பக்தி என்று ஃபாதர் நெகிழ்ந்து, ஜெபத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார். அந்த நீட்டலுக்குள் கேரம் போர்டு மறுபடி முந்தியது. மோதிரம் மாற்றும்போது தையல் மெஷின். கேக் வெட்டும்போது இரண்டும் தோளோடு தோள். ஜெயசீலனுக்கு வேர்த்துக் கொட்டியது, சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது. இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் தன் கல்யாணத்தில்கூட அனுபவித்ததில்லை.

பிரியாணி பரிமாறும்போது இருவர் முகமும் ஒரே நேரத்தில் செத்துப்போனது.

"வாளியா?" என்றார் சேவியர். "எந்த வாளிவே?"

இரண்டு பெரிய சின்னங்களும் ஒன்றின் காலை ஒன்று வாரிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நடுவில் புகுந்து வாளி ஜெயித்துவிட்டது. வித்தியாசம் வழக்கம்போல ஒரு மண்டபக் கூட்டம்தான்.

முடிவெட்டுகிறவர் கடைசி எலும்பைக் கடித்து முடித்து, கை கழுவிவிட்டு, பெட்டியோடு வந்து நின்றார். "கிஸ்கா?" யாருடைய மீசை என்று இந்தியில் கேட்டார்.

"தோனோ கா, ரெண்டு பேருதும்தான்," என்றார் சேவியர். சொன்ன சொல் சொன்னதுதான். இருவரும் மணமகன் அறையில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் மண்டபம் சிரித்த சிரிப்பில் கூரை பறந்திருக்கும். ப்ரீதி சிரித்துச் சிரித்துக் கண் மையெல்லாம் கரைந்துவிட்டது. முறுக்குக் கொடுத்த பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டதை ஜெயசீலன் அப்போதுதான் கவனித்தார்.

"இவளுவ எல்லாரும் வாளிக்கா போட்டாளுவ?" என்று செல்வராணியிடம் கேட்டார்.

"நானும்தான்."

"நீயுமா! எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நாப்பது வீட்டுல கேட்டிய. நம்ம வீட்டுல கேட்டியளா? அந்தப் பொண்ணு வந்தா, குழாயில தண்ணி எப்ப வருதுன்னு கேட்டா, நாங்க சொல்லச் சொல்ல நின்னு கேட்டா. போட்டோம்."

ஜெயசீலனுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓட்டையும் தன் ஓட்டோடு சேர்த்தே எண்ணிக்கொண்டிருந்தவர் அவர். வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை.

"அப்ப போன தடவை?"

"கேரம் போர்டு."

"அதுக்கு முந்தி?"

"உங்க தையல் மெஷின்தான். அப்ப அந்தாளு ஒழுங்கா இருந்தாரு. நான் போட்ட ஆளு ஒரு தடவகூடத் தோத்ததில்ல."

ஜெயசீலன் அவளையே பார்த்தார். கூட்டம் போட்டோவுக்குக் கூப்பிட்டது. அவர் நகரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார்.

"அடுத்த தேர்தல்ல யாரு செல்வராணி?"

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"மொதல்ல மீச வளரட்டும். சொல்லுதேன்."