பொடிக்கு நான்தான் சாட்சி

என் மாப்பிள்ளை வாய் இருக்கே, கல்லைக் கற்கண்டுன்னு வித்துடும். இப்போ என்னைக் காட்டிப் பொடி வித்துக்கிட்டிருக்கார்.

வெங்காயத் தோல், ஆரஞ்சுத் தோல், டீ இலை, எல்லாத்தையும் காயவெச்சு அரைச்சு, டப்பா மேல ‘ஃபிளேவனாய்டு’ன்னு ஒட்டிட்டார். எனக்கு இருக்கிற கைநடுக்க நோய், அந்தப் பார்க்கின்சனுக்குக் கைகண்ட மருந்தாம். என் டாக்டர் சொன்னது வேற. "செடிகள்ல இருக்கிற இந்தச் சத்து எலிகளுக்கு நல்லது பண்ற மாதிரி தெரியுது. மனுஷங்க விஷயத்துல இன்னும் நிரூபணம் ஆகலை. பழம் சாப்பிடுங்க, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க"ன்னார். கூட வந்த மாப்பிள்ளை காதுல முதல் வரி மட்டும்தான் ஏறிச்சு.

நான் இருக்கிறது அவங்க வீட்டு முன்ரூம். எனக்கு வேற போக்கிடம் இல்லை. பொடி வாங்க ஆள் வர்றதுக்கு அரைமணி முன்னாடி மகள் மாத்திரை கொடுப்பா, கை அடங்கிடும். வந்தவங்க முன்னால நான் சிந்தாம பொடித் தண்ணி குடிக்கணும். "மாத்திரையா? மாமா அதைத் தொட்டே மாசக்கணக்காச்சு"ம்பார் மாப்பிள்ளை. அப்புறம் தனியா என்கிட்ட, "இதை நம்பித்தான் அவர் வேலையை விட்டாருப்பா"ன்னு மகள் கண்ணைக் கசக்குவா. நானும் பொம்மையாட்டம் உட்கார்ந்திருப்பேன். வெட்கக்கேடு.

நேத்து ஒரு அம்மா போன் பண்ணினாங்க. அவங்க வீட்டுக்காரருக்கும் இதே நோய். "நாளைக்கு நேர்ல பார்த்துட்டு அவர் மாத்திரையை நிறுத்திடலாமா?" "தாராளமா"ன்னார் மாப்பிள்ளை. ஒருதடவை மாத்திரை தீர்ந்துபோய், எச்சில்கூட விழுங்க முடியாம மரக்கட்டையாக் கிடந்தவன் நான்.

அதனால இன்னைக்கு மாத்திரையைக் கன்னத்துல ஒதுக்கி, மகள் போனதும் துப்பிட்டேன். நடுங்கட்டும், பார்த்துட்டு அந்தம்மா ஓடட்டும்னு கணக்குப் போட்டேன்.

அவங்க வந்தாங்க. என் கை ஆடின ஆட்டத்துல டம்ளர் பாதி சட்டையில கொட்டிச்சு. இதான் சமயம், சொல்லிடலாம்னு பார்த்தா குரல் வரலை. முப்பது வருஷம் பஸ்ஸுல கண்டக்டரா கத்தின தொண்டை, வெறும் காத்துதான் வந்துச்சு.

மாப்பிள்ளை சளைப்பாரா? "பார்த்தீங்களா, காலையில பொடி கொடுக்க மறந்துட்டோம். ஒருவேளை விட்டதுக்கே இந்த கதி!"

மகள் உள்ளே போய்ப் பொடித் தண்ணி கலக்கிக் கொண்டுவந்தா. குடிக்கும்போது மாத்திரைத் துணுக்கு நாக்குல பட்டுச்சு. அவ என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மாப்பிள்ளை பேசிப் பேசியே நேரத்தை ஓட்டினார். என் கை அடங்கிச்சு. அந்தம்மா அதையே பார்த்து அழ ஆரம்பிச்சாங்க. எனக்குக் குரலும் வந்துச்சு.

"அம்மா, இது பொடி இல்லை. மகள் மாத்திரையைக் கலந்து கொடுத்தா."

"இந்த நோய்ல மனசும் தடுமாறும்ங்க, பாவம்"னு சிரிச்சுட்டு மகள் பக்கம் திரும்பினார் மாப்பிள்ளை. "கலந்தியா?"

"இல்லைங்க"ன்னா என் மகள்.

அந்தம்மாவுக்கு எங்க பேச்சு காதுல ஏறவே இல்லை. வீட்டுக்குப் போன் போட்டுட்டாங்க. "என்னங்க, பேசறாருங்க! எவ்வளவு தெளிவாப் பேசறாரு! ஐயா, எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க"ன்னு போனை என் காதுல வெச்சாங்க.

"மாத்திரையை விட்டுடாதீங்க. யார் சொன்னாலும் விடாதீங்க"ன்னேன்.

அந்தப் பக்கம் காத்து மாதிரி ஒரு சத்தம். ஏதோ சொல்லப் பார்க்கிறார். எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? அவருக்குப் புரிஞ்சுபோச்சு.

அந்தம்மா போனை வாங்கிக் காதுல வெச்சுப் பார்த்தாங்க. "ஒண்ணும் கேட்கலை. அவருக்குக் குரல் போயி ஒரு வருஷமாச்சு"ன்னு சொல்லிட்டு, ரெண்டு டப்பாவை எடுத்துப் பையில போட்டுக்கிட்டாங்க.