வா வா வா… ஓல்டான்!

கிழங்கு எடுக்கிற சமயத்தில் நான் பிள்ளைகளை வளர்ப்பதில்லை, மேய்க்கிறேன். மற்ற மாதங்களில் நானும் நல்ல தாய்தான். தலை வாரிவிடுவேன், நகம் வெட்டுவேன், கதைகூடச் சொல்லுவேன். தோண்டும் மெஷின் வயலுக்குள் இறங்கிவிட்டால் அதெல்லாம் போச்சு. யார் எங்கே இருக்கிறார்கள், யார் வாயில் மண் இருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் அன்றைக்குப் போதும்.

எனக்கு மூன்று பேர். பெரியவளுக்கு ஐந்து வயது. வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதால் கிழங்குக் கொட்டகையில் எல்லோருக்கும் அவள் ‘ரேடியோ’. கடைசி கைக்குழந்தை, இன்னும் தவழவில்லை. அவளுக்குக் கிழங்குப் பெட்டிதான் தொட்டில். எங்கள் பெட்டிகள் எல்லாம் நீலம், அவளுடையது மட்டும் சிவப்பு. அதில் பழைய போர்வையை மடித்துப் போட்டு, கொட்டகை வாசலுக்கு இடப்பக்கம் சுவரோரமாக நிழலில் வைத்துவிடுவேன். உருளைக்கிழங்குகளோடு உருளைக்கிழங்காகச் சமர்த்தாகத் தூங்குவாள்.

நடுவில் ஒரு பையன். மூன்று வயது முடிந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘மௌனச்சாமி’ என்று அவனுக்குப் பெயர் வைத்தவர் லாரி கிளீனர்.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. காது சரியாகக் கேட்கிறது, புத்தியில் குறை ஒன்றும் இல்லை, பொறுமையாக இருங்கள் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கடைவீதியில் எந்தக் குழந்தையாவது “அம்மா!” என்று கத்தினால் நானும் சட்டென்று திரும்புவேன். நம்மை இல்லை என்று தெரிந்ததும் ஏதோ விலை கேட்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தக் குழந்தைகளின் அம்மாக்களைக் கண்டால் எனக்கு எரியும். பொய் சொல்வானேன், நன்றாகவே எரியும்.

வீட்டுக்காரர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. அவரும் பேச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கிற ஆள். அவர் சொல்லும் ‘ம்’களில் எது சம்மதம், எது சந்தேகம், எது பசி என்று பிரித்தறியவே கல்யாணமான புதிதில் எனக்குப் பல மாதம் பிடித்தது.

ஒவ்வொரு அறுவடைக்கும் அவருடைய அக்கா, என் அண்ணி, டவுனிலிருந்து உதவிக்கு வருவார். அங்கே அவருக்குத் தையல் கடை இருக்கிறது. நல்ல மனசு, இரும்புக் கை, அதைவிடக் கனமான குரல். போனை எடுத்து ஹலோ என்றால் எதிர்ப்பக்கம் “சொல்லுங்க சார்” என்பார்கள். இந்தத் தடவை வந்தவர் புதிதாக ஒரு சின்னப் பையும் வாங்கி வந்திருந்தார். அதில் யானைப் படம் போட்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

“இந்தா பாரு, கிழங்கு முடிஞ்சதும் நடுவுள்ளவனை நான் கூட்டிட்டுப் போறேன். எங்க தெருவுலயே பேச்சுப் பழக்கற டாக்டரம்மா இருக்காங்க. ஒரு வருஷம் என்கிட்ட இருக்கட்டும்.”

“ஒரு வருஷமா?”

“பின்னே? இங்க யாரு அவன்கிட்ட பேசறா? விடிஞ்சா மெஷின் பேசுது, பொழுதடைஞ்சா டிராக்டர் பேசுது. இந்த டர்ருபுர்ருலயே கிடந்தா பிள்ளைக்கு மனுஷப் பேச்சு மறந்து போயிடும்.”

“மறக்கறதுக்கு அவன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே அண்ணி.”

“இந்த வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்” என்றவர், குரலைக் கொஞ்சம் இறக்கினார். “எனக்கும் அவன் பிள்ளை மாதிரிதான். கெடுதல் நினைப்பேனா?”

நினைக்கமாட்டார். அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் வெட்டிவிட்டிருப்பேன். வீட்டுக்காரரைப் பார்த்தேன். “ம்” என்றார். அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்கிற ‘ம்’.

கடைசியில் அண்ணியே ஒரு வழி விட்டார். “சரி, கடைசி லோடு ஏறி முடியறதுக்குள்ள ஒரே ஒரு வார்த்தை பேசட்டும், நான் வாயை மூடிட்டுக் கிளம்பறேன். பேசலேன்னா பையில துணியை எடுத்து வை.”

வேறு வழியில்லாமல் நானும் சரியென்று தலையாட்டினேன். அந்த வாரம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கிழங்கைக் காட்டி “கிழங்கு சொல்லு” என்றேன். தண்ணீரை எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டு “தண்ணி சொல்லு” என்றேன். என் நெஞ்சில் தட்டி “அம்மா சொல்லு, அம்மா” என்றேன். இவளுக்கு என்ன ஆச்சு என்பதுபோல என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அதற்குள் ரேடியோ ஓடி வந்து “தம்பிக்குத் தண்ணி வேணுமாம்மா” என்பாள். இவள் எடுத்துச் சொல்வதால்தான் அவன் பேசுவதில்லை என்று ரேடியோவை ஒரு காலைப்பொழுது முழுக்க அணைத்துப் பார்த்தோம். அவன் பேசவில்லை. இவளுக்குத்தான் காய்ச்சல் வந்ததுபோல முகம் வாடிப்போனது.

அவனுக்கு எங்கள் பாடம் எதுவும் தேவைப்படவில்லை. நாள் முழுக்கக் கிளீனர் பின்னாலேயே சுற்றினான். கிளீனர் வழுக்கைத் தலை, தொப்பை வயிறு, பேரன் எடுத்த வயது. கொட்டகை வாசலுக்கு லாரி பின்னால் வரும்போதெல்லாம், டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஓரமாக நின்று லாரியைத் தட்டித் தட்டிக் குரல் கொடுப்பார். “வா வா வா… வரட்டும்… வரட்டும்… கொஞ்சம் ஒடிச்சு வா… வா வா… ஓல்டான்!” எந்தக் காலத்து இங்கிலீஷோ, கிளீனர்கள் வாயில் கிடந்து தேய்ந்து ‘ஓல்டான்’ ஆகிவிட்டது. சொன்னால் வண்டி நின்றாக வேண்டும். அப்புறம் கிளம்ப வேண்டுமானால் “ரைட்!”

என் மகனும் பக்கத்தில் நின்று தன் தொடையைத் தட்டுவான். ஓல்டான் வரும்போது கையைத் தலைக்கு மேல் தூக்குவான். உதடு அசையும், சத்தம் மட்டும் வராது. “சாமி இருக்கறப்ப எனக்கென்ன வேலை” என்று கிளீனர் சிரிப்பார்.

அந்த டிரைவரும் கிளீனரும் ரொம்ப வருஷத்து ஜோடி. “இவன் குரலுக்கு என் கால் தானா வேலை செய்யும்மா” என்று டிரைவர் ஒரு நாள் சொன்னார். “வீட்ல தூக்கத்துல யாராவது ஓல்டான்னா கட்டிலை எத்திடுவேன். எம்பொண்டாட்டி தனிப்பாய்க்குப் போயிட்டா.”

கடைசி நாள் வந்தது. வானம் காலையிலிருந்தே மூட்டம் போடுவதும் விலகுவதுமாக இருந்தது. வீட்டுக்காரர் கடைசிப் பாத்தியைத் தோண்டிக்கொண்டிருந்தார். அது வந்து சேர்ந்தால் கடைசி லோடு. மௌனச்சாமி மௌனமாகவே இருந்தான். நான் கொட்டகைக்குள் மேஜையில் வெட்டுப்பட்டதையும் பச்சை படிந்ததையும் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தேன். வாசல் என் முதுகுக்குப் பின்னால். யானைப் பை உள்ளறைக் கதவில் தொங்கியது. அதில் நான் இன்னும் ஒரு துணியும் வைக்கவில்லை. வைக்கிற மாதிரியும் இல்லை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே என்று கை ஒரு பக்கம், நெஞ்சு ஒரு பக்கமாக வேலை செய்தேன்.

வெளியே நடந்ததை எல்லாம் பின்னால்தான் கோர்த்துப் புரிந்துகொண்டோம். வெயில் திரும்பிச் சுவரோரத்து நிழல் போய்விட்டது. குழந்தை முகத்தில் வெயில் விழுந்ததைப் பார்த்த ரேடியோ, பொறுப்பான அக்காவாக, சிவப்புப் பெட்டியைத் தரையோடு இழுத்து வாசலின் நட்டநடுவில், கூரை நிழலில் கொண்டுபோய் விட்டாள். லாரி முற்றத்தில், வாசலுக்குப் பின்புறம் காட்டியபடி, இஞ்சின் ஓட நின்றது. கிளீனர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தார். டிரைவருக்கு அது தெரியாது. குரல் வருவதற்காகக் காத்திருந்தார்.

குரல் வந்தது. சாப்பாட்டுத் தட்டோடு முற்றத்தின் மூலையில் நின்று அண்ணி பையனைக் கூப்பிட்டார். அவன் லாரியின் பின்பக்கம் தன் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“வா வா வா… வாடா ராஜா… வா வா…”

போனில் சார் என்று பெயர் எடுத்த குரல். டிரைவர் ரிவர்ஸ் போட்டார்.

இருட்டு விழுந்ததால் திரும்பினேன். வாசல் முழுக்க லாரியின் பின்பலகை. அதற்கும் எனக்கும் நடுவில் சிவப்புப் பெட்டி. போர்வைக்கு வெளியே ஒரு குட்டிக் கால். எனக்கு முதுகில் மேஜை, முன்னால் இடுப்பு உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகள். கத்த வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நாள் முழுக்க ஊரை விரட்டுகிற என் வாய், ஒட்டிக்கொண்டுவிட்டது.

“ஓல்டான்!”

கீச்சென்று, புதிதாக, இதுவரை நான் கேட்டறியாத குரல். லாரி அப்படியே பிரேக் அடித்து நின்றது. லாரியில் இருந்த காலிப் பெட்டிகள் சடசடவென்று பின்பலகையில் வந்து மோதின. பின்பலகையின் நிழல் சிவப்புப் பெட்டியின் மேல் விழுந்திருந்தது. நிழல் மட்டும்தான்.

எந்த வழியாக ஓடினேன் என்று தெரியாது. முழங்காலெல்லாம் சிராய்ப்பு, அதனால் பெட்டிகள் மேலேயே ஏறி விழுந்திருக்க வேண்டும். டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேனோடு கிளீனர் ஓடி வந்தார்.

“நீ சொல்லித்தானய்யா வந்தேன்!” என்றார் டிரைவர்.

“நான் தண்ணி புடிச்சிட்டிருந்தேன்!”

“அப்ப வா வா வான்னது யாரு?”

எல்லோரும் தட்டோடு நின்ற அண்ணியைப் பார்த்தோம். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. “நான் பிள்ளையைக் கூப்பிட்டேன்யா… லாரியையா கூப்பிட்டேன்…”

“சரி, ஓல்டான் சொன்னது?”

“நான் இல்ல” என்றாள் ரேடியோ. அவள் வாழ்க்கையில் பேசிய ஆகச் சின்னப் பேச்சு அதுதான்.

அப்போதுதான் பார்த்தோம். லாரியின் மூலையில், டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில், என் மகன் நின்றுகொண்டிருந்தான். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. கண் சிவப்புப் பெட்டியை விட்டு அகலவில்லை.

கிளீனர் கேனைக் கீழே வைத்துவிட்டு அவன் முன்னால் குந்தினார். “நிறுத்திட்டீங்க சாமி. வண்டி நின்னுடுச்சு. கையை இறக்குங்க.”

இறக்கவில்லை. நான் குழந்தையை வாரி எடுத்தேன். அவள் அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள். காலாலேயே பெட்டியை ஓரமாகத் தள்ளினேன். வாசல் காலியானது. அவன் ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தான், ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தான். கையை இறக்கி லாரியைத் தட்டினான்.

“ரைட்!”

எனக்கு அடைத்திருந்த குரல் அப்போதுதான் திறந்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியாத ஒரு சத்தம். கைக்குழந்தை அதற்குத்தான் விழித்துக்கொண்டு வீறிட்டது. ரேடியோ “பாப்பா மூஞ்சில வெயில் அடிச்சுதும்மா, அதான் நான் இழுத்தேன்” என்று தேம்பினாள். அவளையும் இழுத்து அணைத்துக்கொண்டேன். திட்டுவதற்கு எனக்கு மனசும் இல்லை, கையும் காலியாக இல்லை.

டிரைவர் தரையிலிருந்தே சொன்னார். “ஐயோன்னு கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்காதும்மா. அம்மான்னு கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது. இந்த இஞ்சின் சத்தத்துல என் காலுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான்.”

அம்மா என்ற வார்த்தைக்காக நான் ஏங்கியதெல்லாம் அந்த இடத்தில் எனக்குச் சின்னதாகப் போய்விட்டது.

வயலிலிருந்து கடைசி டிரெய்லரோடு வந்த வீட்டுக்காரர், கூட்டத்தைப் பார்த்து டிராக்டரிலிருந்து குதித்து ஓடி வந்தார். மகன் கையைத் தூக்கினான். “ஓல்டான்!” மனிதர் தூக்கிய காலை வைக்காமல் அப்படியே நின்றார். “வா வா வா” என்றான் மகன். ஒவ்வொரு அடியாக வந்தார். பக்கத்தில் வந்ததும் “ஓல்டான்!” நின்றார். அவனைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கொட்டகையில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய், “எம்புள்ள பேசிட்டான், கேட்டீங்களா, பேசிட்டான்” என்று சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

கடைசி லோடு அவன் குரலில்தான் ஏறியது. டிரைவர் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அவனைக் கேட்டு வண்டியை நகர்த்தினார். லாரி ரோட்டில் ஏறி மறைந்த பிறகுதான் மழை பிடித்தது. வயலில் ஒரு கிழங்கு மிச்சமில்லை. பெய்யட்டும் என்று நாங்கள் வாசலிலேயே நின்று பார்த்தோம்.

அன்று சாயங்காலம் முழுக்க அண்ணி அவனை மடியில் வைத்துக்கொண்டு கெஞ்சினார். “அத்தை சொல்லுடா. அத்தை.”

“ரைட்” என்றான் அவன்.

“அத்தைடா, அத்தை!”

“வரட்டும் வரட்டும்.”

நான் விடுவேனா? “அண்ணி, உங்க தெருவுக்குள்ள லாரி வருமா?”

“எங்க? சைக்கிள் போனாலே இடிக்கும். என் காரையே தெருமுனையிலதான் நிறுத்தறேன்.”

“அப்ப அங்க வந்து இவன் என்னத்தைப் படிப்பான்?”

“போதும்டி, ஜெயிச்சுட்டே” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “ஒரு வார்த்தை பேசுன்னா இவன் லாரியையே நிறுத்திட்டான். இனிமே நான் வாயைத் திறந்தா கேளு.”

மறுநாள் காலை யானைப் பையைக் கதவிலிருந்து எடுத்து, அது பிதுங்குகிற அளவுக்குக் கிழங்கை அடைத்துக்கொண்டு கிளம்பினார். காரை முற்றத்திலிருந்து பின்னால் எடுக்க வேண்டும். மகன் ஏற்கெனவே தன் இடத்தில் நின்றிருந்தான்.

“வா வா வா… வரட்டும்… வா வா…”

கார் கேட்டைத் தாண்டப்போகிற நேரம். “ஓல்டான்!”

அண்ணி பதறிப்போய் பிரேக்கை மிதித்துத் தலையை வெளியே நீட்டினார். “என்னடா? என்ன இருக்கு?”

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு உருளைக்கிழங்கு கிடந்தது. மழையில் மண் கரைந்து, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியதாக. அவன் குனிந்து எடுத்தான். சட்டையில் துடைத்தான். ஓடி வந்து என் கையில் வைத்தான். திரும்ப ஓடிப்போய்க் காரைத் தட்டினான்.

“ரைட்! போலாம்!”

அத்தை போனார்.