ரபீக்காவின் குற்றச்சாட்டுப் பாடம்

ஒருவனைக் கள்ளன் என்று சொல்லத் தமிழில் ஒரு விரலை நீட்டினாலே போதும். இங்கிலீசில் அது நடக்காது. 'எக்கியூஸ்' என்றால் பின்னால் 'ஒவ்' வரவேண்டும், 'சார்ஜ்' என்றால் 'வித்', 'பிளேம்' என்றால் 'ஃபோர்'. வெள்ளைக்காரன் போய்க் கால் நூற்றாண்டு கடந்தும், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை வேண்டுமென்றால் இந்தச் சனியன்களைப் பாடமாக்கித்தான் ஆகவேண்டும். ரபீக்கா பாடமாக்கினாள்.

ரியூசன் சொல்லிக்கொடுத்த பாக்கியரத்தினம் மாஸ்டர் அதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார். "தெரிஞ்ச ஆள், தெரிஞ்ச இடம், கண்ணுக்கு முன்னால கிடக்கிற சாமான். மூண்டையும் வச்சு வசனம் செய்து சத்தமாச் சொல்லுங்கோ பிள்ளை. செத்தாலும் மறக்காது."

தெரிந்த ஆளுக்கு ரபீக்கா எங்கே போவாள்? வீட்டில் இருந்த ஒரே ஆண், அவள் நானா என்று கூப்பிடும் அண்ணன் ஜெமீல். தெரிந்த இடம், அவன் வேலை செய்த துறைமுகக் களஞ்சியம். கண்ணுக்கு முன்னால் கிடந்தது சீமெந்து. விடிய எழும்பிச் சுபஹு தொழுதுவிட்டு அவள் படிக்கப் போய் உட்கார்வது வீட்டு வளவுக்குள் பாதி எழும்பி நின்ற புது வீட்டில்.

அது அவளுக்கென்று எழும்புகிற வீடு. பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணப் பேச்சே எடுபடாத ஊர். வாப்பா மௌத்தானபின் அந்தப் பாரம் ஜெமீலின் தலையில் விழுந்தது. அதுவோ பெர்மிட் இல்லாமல் ஒரு பை சீமெந்துகூட வாங்க முடியாத எழுபத்து நாலாம் ஆண்டு. கிழிந்த பைகளைத் துறைமுகத்தில் கழித்துத் தருகிறார்கள் என்று ஜெமீல் சொன்னான். வீட்டாரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டார்கள்.

"ஜெமீல் இஸ் எக்கியூஸ்ட் ஒவ் ஸ்டீலிங் சிமென்ட்!" அதாவது, துறைமுகத்துச் சீமெந்தைத் திருடியதாக ஜெமீல்மீது குற்றம் சாட்டப்படுகிறது. அடுத்தது, அவன்மீது வழக்குத் தாக்கல். அதற்கடுத்தது, கையும் களவுமாகப் பிடிபட்டான். புது வீட்டுச் சுவர்களுக்குள் குரல் கணீரென்று கேட்டது. குசினியில் ரொட்டி சுட்ட உம்மாவுக்கு அந்த இங்கிலீசில் மகனின் பேர் மட்டும் விளங்கியதில் ஒரே சந்தோஷம். "நானாட பேரைச் சொல்லி துஆக் கேக்கிறா போல" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவைத்தாள்.

ஜெமீல் மட்டும் நாளுக்கு நாள் வாடினான். சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினான். தங்கச்சியின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். களஞ்சியத்தில் வேலை கூடிவிட்டதாக்கும் என்று ரபீக்கா நினைத்தாள். கெட்டிக்காரிதான், ஆனால் படிப்பில் மட்டும்.

ஒருநாள் காலை, வேலைக்குப் போகிற உடுப்போடு அவன் கதவில்லாத வாசலில் வந்து நின்றான்.

"போதும் தங்கச்சி. நிப்பாட்டு."

"சத்தம் கூடிப்போச்சா நானா?"

"நீ செருப்பால அடிச்சிருந்தாலும் தாங்கியிருப்பன். ஒவ்வொரு சுபஹுக்கும் இப்பிடிச் சொல்லிக் கொல்லாத. எனக்கு மட்டும் விளங்கட்டும், உம்மாக்கு விளங்கப்படாதெண்டுதானே இங்கிலீசில சொன்னாய்? கிழிஞ்ச பை ஒண்டும் இல்ல. எல்லாம் நான் களவா எடுத்ததுதான். இண்டைக்குப் போய்க் களஞ்சியப் பெரியவரிட்டச் சொல்லப்போறன்."

ரபீக்கா சாய்ந்திருந்த சுவரிலிருந்து முதுகைப் பிடுங்கிக்கொண்டு எழும்பினாள். இந்தச் சுவரா? நானாவா? அவன் போய்ச் சொன்னால் வேலை போகும், மறியலுக்குள்ளும் போட்டு அடைப்பார்கள். அந்த நினைப்பு வந்ததும் வாய் தானாகத் திறந்தது.

"நானா, அது பாடம்! மாஸ்டர் சொல்லித்தந்த மாதிரிப் படிச்சனான். அல்லாஹ்மேல ஆணையா எனக்கு ஒண்டுமே தெரியாது!"

"பாடமா?"

"ஓம் நானா."

"அப்ப ஒருத்தருக்கும் தெரியாதா?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

ஜெமீல் சீமெந்துப் பையில் உட்கார்ந்து, நெருப்பில் இருந்ததுபோல் துள்ளி எழும்பினான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. பிறகு அவன் முகத்தில் மெல்ல மெல்ல உயிர் வந்தது. அவன் சந்தோஷப்படுகிறான் என்று கண்டபோதுதான் ரபீக்காவுக்கு நெஞ்சு பகீரென்றது. களவைக் கேட்டபோதுகூட இவ்வளவு அதிரவில்லை. ஐந்து வேளை தொழுகிற நானா!

அவள் முகத்தில் அது அப்படியே தெரிந்திருக்கவேண்டும். ஜெமீல் பார்த்தான். வந்த சிரிப்பு வந்த வழியே போயிற்று.

"பாடமெண்டாலும், இப்ப உனக்குத் தெரியுந்தானே" என்றான்.

வேலியில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்துத் துறைமுகப் பக்கம் மிதித்தான். ரபீக்கா முக்காடு நழுவ, வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினாள்.

"சொல்லாதீங்க நானா! சொல்லாதீங்க!"

கத்தியது தன் வாய்தானா என்று அவளே திடுக்கிட்டு நின்றாள். ஜெமீல் திரும்பிப் பார்க்கவில்லை.