காரம் போடாத கிண்ணம்

அடுத்த முறை என்னையும் பெங்களூருக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார் என் வீட்டுக்காரர் ஆதிராஜ். ஆரணிப் பட்டுப்புடவைகளை அங்கே கடைகளுக்குப் போடுகிற தொழில் அவருக்கு. மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் தலைகாட்டினால் அதிகம். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் பிள்ளை இல்லை. ஊர் அவரை ஒன்றும் கேட்காது, என்னைத்தான் கேட்கும். பெங்களூரில் சேர்ந்து இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று டிரங்குப் பெட்டியைக்கூட அடுக்கி வைத்துவிட்டேன். எனக்கு நம்புவதைத் தவிர வேறு என்ன வேலை?

அன்றைக்கு அவர் வந்து சேர்ந்தபோது வெயில் எதிர்வீட்டு ஓட்டின்மேல் ஏறியிருந்தது. எங்கள் ஜைன வீடுகளில் பொழுது சாய்ந்தால் வாயில் எதுவும் வைக்கமாட்டோம். மதியச் சோறும் தீர்ந்துபோயிருந்தது.

"கண்ணமங்கலத்துல பஸ்ஸு பஞ்சர். ஒரே பேஜாராப் போச்சு," என்றார். "இப்பப் போய் அரிசி களையாதே. நூடுல்ஸ் வாங்கியாந்துகிறேன். ஜல்தியா நானே பண்ணிடறேன்."

"நீங்களா?"

குடிக்கிற தண்ணீரைக்கூட நான்தான் மொண்டு கையில் கொடுக்க வேண்டும் அந்த மனுஷருக்கு. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? பெங்களூரிலும் இப்படித்தான் இரண்டு பேரும் சேர்ந்து சமைப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டவ்வைப் பற்றவைத்து நூடுல்ஸை வேகவைத்தார். வடித்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி அலசினார். "அப்பதான் ஒட்டிக்காது," என்று எனக்குப் பாடம் வேறு. முட்டைக்கோஸும் பீன்ஸும் அவர் கையில் நூலாக விழுந்தன.

"வெங்காயம் எங்க வெச்சிகிறே?"

கேட்டபிறகுதான் அவருக்கே உறைத்தது. மண்ணுக்குள் விளைகிற எதுவும் எங்கள் அடுப்படிக்குள் வந்ததில்லை.

"ஓட்டல்ல சாப்பிட்டு சாப்பிட்டு மறந்துட்டேன்," என்றார்.

சாப்பிட வருகிறவனிடம் எந்த ஓட்டல்காரன் வெங்காயம் நறுக்கச் சொல்கிறான் என்று கேட்க நாக்கு துடித்தது. பெட்டி அடுக்கி வைத்திருக்கிறேனே, அதனால் விழுங்கிக்கொண்டேன்.

வாணலியில் காயை வதக்கி, நூடுல்ஸைப் போட்டு, உப்புத் தூவிப் புரட்டினார். பஸ்ஸில் சண்டை போட்ட கண்டக்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே மாடத்திலிருந்து சின்னக் கிண்ணம் ஒன்றை எடுத்தார். இரண்டு கரண்டி அள்ளி அதில் வைத்தார். ஸ்பூனால் பொடிப்பொடியாக வெட்டினார். வாயால் ஊதி ஆறவைத்து ஓரமாகத் தள்ளினார். பிறகுதான் வாணலியில் மிளகாய்த்தூளைக் கொட்டினார்.

"அது யாருக்குங்க?"

"எது?"

"காரம் போடறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சீங்களே. ஊதி ஆறவெச்சீங்களே, அது."

கிண்ணத்தைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது. வாணலியில் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான்தான் ஸ்டவ்வை அணைத்தேன்.

"இன்னா வயசு?" என்று கேட்டேன்.

"மூணு முடியப்போவுது."

"பையனா?"

"பொண்ணு." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்கிட்ட சொல்லணும்னுதான் ரத்னா, ஒவ்வொரு தபாவும் நெனச்சிகினு வர்றேன்."

"அப்ப என்னை அங்க கூட்டிகினு போறேன்னது?"

"பொழுது போவுது, சாப்பிடு," என்றார்.

அவரே தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். பசி இருந்திருக்கும். அந்தத் தட்டைப் பிடுங்கி எறிய எனக்குக் கை வரவில்லை. எதிர்வீட்டு ஓட்டில் வெயில் போய்விட்டது. எழுந்து விளக்கை ஏற்றினேன்.

பிறகு அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விளக்கையும் என் கையிலிருந்த கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என் ஆயுசில் பொழுது சாய்ந்தபின் நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. உறைப்பே இல்லை. பிள்ளை தின்கிற பக்குவத்தில் சரியாகத்தான் செய்திருந்தார்.