இன்ஸ்பெக்டர் பார்க்க வந்த இத்தாலிப் படம்

குன்னூரில் தனசிங் கொட்டகையில் ஞாயிறு மேட்னிக்குக் கூட்டம் வந்ததே லெஸ்லியின் வாய்க்காகத்தான். வெள்ளைக்காரப் படம் ஓடும்போது திரையோரம் மைக்கோடு உட்கார்ந்து, நடப்பதையெல்லாம் தமிழில் சொல்லுவான். அவன் சொன்னால் எஸ்டேட் சனத்துக்கு அதுதான் கதை.

எழுபத்தைந்தில் ஓர் இத்தாலிப் படம் வந்தது. கடத்தல் கும்பலிடம் கைநீட்டிக் காசு வாங்கும் போலீஸ் அதிகாரியின் கதை. வந்த நேரம் பாருங்கள்! லெஸ்லியின் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் சின்னராஜ் லாக்கப்பில் கிடந்தான். ஈட்டி மரம் கடத்தியவன் லிங்கசாமி. மாட்டிக்கொண்டவன் தேயிலை மூட்டை ஏற்றிப்போன சின்னராஜ். இது ஊருக்கே தெரியும், இன்ஸ்பெக்டருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் லெஸ்லியைக் கூப்பிட்டார். "சனம் என்னைப் பாத்துச் சிரிக்கக் கூடாது. படத்துல வர்ற அதிகாரி நல்லவன்னு சொல்லு. நாளன்னிக்கே சின்னராஜை விட்டுடறேன்."

சின்னராஜின் மனைவி ராக்கம்மாவிடம், அப்படிச் சொல்லலாமா என்று லெஸ்லி கேட்டான்.

"சொல்லிப்போடுங்கண்ணா. சினிமாதானுங்களே!" என்றாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டரும் லிங்கசாமியும் ஜோடியாக வந்து, பின்னால் பெரிய மனிதர்களுக்கான பாக்ஸ் சீட்டில் உட்கார்ந்தார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்! திரையில் அதிகாரி கவர் வாங்கினார். "தங்கச்சி போட்ட காயிதமுங்க" என்றான் லெஸ்லி. கும்பல் தலைவன் வீட்டில் விருந்து சாப்பிட்டார். "துப்புத் துலக்கப் போயிருக்காருங்க." சனம் நம்பிக் கை தட்டியது.

அப்புறம்தான் வினை. கும்பல் கடத்திய சரக்குக்காக ஒரு லாரி டிரைவரைப் பிடித்து அதிகாரி விலங்கு மாட்டினார். அவர் நல்லவரென்றால் இவன் யார்?

"யாருங்கண்ணா அது? திருடனுங்களா?" என்று கூட்டம் கேட்டது.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இங்கேயோ 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் நாளைக்குச் சின்னராஜ் வீட்டிலிருப்பான்.

முன் பெஞ்சில் ராக்கம்மா எழுந்து நின்றாள். "அண்ணா, அந்த மனுசனைத் திருடன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

லெஸ்லி மைக்கை நெருக்கிப் பிடித்தான். "எல்லாரும் மன்னிக்கோணுங்க. இத்தனை நேரம் நான் சொன்னது பொய்யிங்க. கவர்ல இருந்தது லஞ்சம். விருந்து வச்சவன்தான் திருடன். இந்த டிரைவர் ஒண்ணும் அறியாதவனுங்க."

கொட்டகையே திரும்பி பாக்ஸைப் பார்த்தது. ஒருவரும் கத்தவில்லை, சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பின்னாலேயே லிங்கசாமியும் போனான். அப்போதும் சனம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை சின்னராஜை விடவில்லை. ராக்கம்மாவோடு லெஸ்லியும் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். கம்பிக்குப் பின்னால் சின்னராஜ் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்: "நேத்துப் படத்துல கடைசியில என்னாச்சுங்கண்ணா?"

"தெரியலைடா. யாருமே படத்தைப் பாக்கல" என்றான் லெஸ்லி. பிறகு, உள்ளறையில் இருந்தவருக்கும் கேட்கும்படி சொன்னான்: "எல்லாரும் இன்ஸ்பெக்டரைத்தான் பாத்துட்டிருந்தாங்க."