வைரம் காட்டிய அளவு

அந்தப் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சை அளந்து சொல்லும் இயற்பியலாளர்கள் இரண்டே பேர். கணவனும் மனைவியும். கணவருக்கு அங்கே ‘தராசு’ என்று பட்டப்பெயர். அவர் ஓர் அளவைச் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது.

புது உணர்கருவி வந்த அன்று மனைவிதான் பெட்டியைப் பிரித்தாள். பேனா மாதிரி ஒரு குழாய். அதன் நுனியில், வாயுவிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த வைரத் துணுக்கு. கதிர் பட்டால் அதில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். அதை வைத்து அளவைச் சொல்லலாம்.

“கல்யாணமான புதுசுல வைரத்தோடு வாங்கித் தரேன்னீங்க. கடைசியில ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருக்கு.”

“காதுல போட்டா பூதக்கண்ணாடி வச்சுத்தான் தேடணும்” என்று சிரித்துக்கொண்டே அவர் வார்டுக்குப் போனார்.

நோயாளியின் உடம்புக்குப் பதிலாக வைக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் அவள் கருவியைப் பொருத்தி அளக்கத் தொடங்கினாள். அகலமான கதிர்களில், கணவர் முன்பு அளந்து வைத்த பழைய கணக்கும் புதுக் கணக்கும் ஒத்துப்போயின. ஆகக் குறுகலான கதிருக்கு வந்தபோது எண் எகிறியது. கேபிளை மாற்றினாள். தொட்டியை மறுபடி சமன் செய்தாள். அதே எண். பழைய கணக்கைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

பழைய கருவியின் உணரும் வாய், அந்தக் கதிரின் அகலத்துக்கே இருந்தது. ஓரங்களில் கதிர் முழுதாகப் படாமல், மொத்தத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. குறைவு என்று நம்பி, ஒவ்வொரு நோயாளிக்கும் இயந்திரத்தைக் கூடுதல் நேரம் ஓட விட்டிருக்கிறார்கள். தலைக்குள் சிறு கட்டி இருந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதிர்தான். அவர்களில் ஒருத்தி அவளுடைய அண்ணி, கணவரின் அக்கா.

அண்ணி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். காது நரம்பை ஒட்டி ஒரு சாதாரணக் கட்டி, உயிருக்கு ஆபத்தில்லாதது. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் இடது பக்க முகம் தொங்கிப்போனது. பேச்சு குழறியது. நீதிமன்றம் அவளைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது. யாரோ ஒருத்தருக்கு இப்படி ஆவதுண்டு என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

கணவர் வந்து, தானே முதலிலிருந்து அளந்தார். முடித்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இன்னொரு கருவி எங்கயாவது வாங்கி ஒருதடவை பார்த்துடலாம். அதுவரைக்கும் வெளியே சொல்ல வேண்டாம்.”

“நாளைக்குக் காலையில ஒரு பொண்ணு அந்த மேஜையில வந்து படுக்கப்போகுதுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “வேற ஊருக்குப் போறேன்னுதான் அக்கா சொன்னா. நான் இருக்கும்போது உனக்கென்ன பயம்னு நான்தான் இழுத்துட்டு வந்தேன்.”

பிறகு இயந்திரத்தின் சாவியை உருவிக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனார்.

மறுநாள் இருவரும் அண்ணி வீட்டுக்குப் போனார்கள். அவள் மூடாத கண்ணில் சொட்டுமருந்து விட்டுக்கொண்டிருந்தாள். தம்பி சொல்லச் சொல்ல, மருந்து கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவே இல்லை.

“தலையெழுத்துன்னு நெனச்சேன்டா” என்றாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. “தெனமும் கண்ணாடியைப் பார்த்து என்னைச் சமாதானப்படுத்திக்கிட்டேன். அதையும் இப்ப பிடுங்கிட்ட.”

“அக்கா...”

“எழுந்திரு. போ.”

அவர் வாசலைத் தாண்டும்போது குரல் துரத்தி வந்தது. “மத்தவங்க வீட்டுக்கும் நீயே போகணும். ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணி முடிச்சுடக் கூடாது.”

விசாரணை வந்தது. அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் ஒவ்வொரு வீடாகப் போனார். ஒரு வீட்டில் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் சட்டையைப் பிடித்தார்கள். இன்னொன்றில், மகளைப் பறிகொடுத்த ஒருவர், “அப்போ அவ கட்டியால சாகலையா?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். தெரியாது என்றுதான் இவரால் சொல்ல முடிந்தது.

மனைவி அதே வேலையில் இருக்கிறாள். எல்லாக் கதிர்களையும் மறுபடி அளந்து கணக்கைத் திருத்தினாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது. அண்ணி அவளிடம் போனில் பேசுவாள். தம்பி பேச்சை எடுத்தால் வைத்துவிடுவாள்.